ஸ்டேஷன் ரோட்டில் ஸ்டேஷன் எங்கே? பிரிட்டனில் குடிவந்த ஊரின் கதையைத் தேடும் வழி

பிரிட்டனில் நீங்கள் எந்த ஊருக்கு வீடு பார்த்துப் போனாலும் அநேகமாக அங்கே ஒரு ஸ்டேஷன் ரோடு இருக்கும். சில ஊர்களில் ஸ்டேஷன்தான் இருக்காது. தண்டவாளம் ஓடிய மேட்டில் இப்போது நாயைக் கூட்டிக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள். பிளாட்பாரம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கும். ரயில்வேயின் நட்டத்தைக் குறைக்க 1963-இல் ரிச்சர்ட் பீச்சிங் என்பவர் கொடுத்த அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. சில தப்பின, ஏராளமானவை போயின. தெருப் பலகையைக் கழற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்படி ஒரு பலகையைப் பார்த்து "ஏன்?" என்று நின்றதில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. வேலைக்கோ படிப்புக்கோ வந்து, வாடகை வீட்டில் பெட்டியை இறக்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "நம்ம தாத்தா பாட்டி யாரும் இங்க பொறக்கலையே, நமக்கு எதுக்கு இது?" என்று என் மனைவியும் கேட்டாள். பக்கத்து வீட்டாரோடு மழையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. நான் இருப்பது வடகிழக்கு லண்டனில் உள்ள வால்தம்ஸ்டோ. உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். முறை எந்த ஊருக்கும் ஒன்றுதான்.

முதல் சனிக்கிழமை: நிமிர்ந்து பார்த்து நடங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். முதலில் உங்கள் தெருவை இரண்டு முறை நடந்து பாருங்கள், இரண்டாவது முறை தலையை நிமிர்த்தி. கடைத்தெருவில் கீழ்த்தளம் பத்து வருடத்துக்கு ஒரு முறை முகம் மாற்றிக்கொள்ளும். மாடியை யாரும் தொடுவதில்லை. கட்டிய ஆண்டு செதுக்கிய கல், எப்போதோ மூடிய கடையின் மங்கிய சுவர் எழுத்து, கூட்டுறவுச் சங்கக் கடை இருந்ததற்கு அடையாளமான தேன்கூட்டு உருவம், எல்லாம் மேலேதான் இருக்கும்.

தெருப் பெயரே பல நேரம் தேதி சொல்லிவிடும். ஆல்மா என்று பெயர் வைத்த தெரு 1854-இல் நடந்த கிரிமியப் போர்ச் சண்டைக்குப் பிறகு பிறந்தது. லேடிஸ்மித், மாஃபெகிங் என்றிருந்தால் 1900-ஐ ஒட்டி தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க் காலம். ரோப் வாக் என்றால் கயிறு திரித்த இடம், மால்டிங்ஸ் என்றால் பீருக்கு பார்லியை முளைகட்டிய இடம். பவுண்டு லேன் என்று பார்த்தால் பணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். மேயவிட்ட மாட்டைப் பிடித்து அடைக்கிற பவுண்டு அது. நம் கிராமங்களில் "மாட்டைப் பவுண்டுல அடைச்சிட்டாங்க" என்போமே, அதே சொல், அதே ஏற்பாடு.

தபால் பெட்டியின் மேல் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். வி.ஆர். என்றால் விக்டோரியா காலம், அதாவது 1901-க்கு முந்தையது. வெறும் ஜி.ஆர். என்றால் ஐந்தாம் ஜார்ஜ். பழைய சர்ச் சுவரில் ஒரு படுக்கைக் கோடும் அதன் கீழே அம்புக்குறியும் வெட்டியிருந்தால், அது நில அளவைக்காரர்கள் உயரம் குறித்த அடையாளம். வீட்டு முன்சுவரின் மேல் வரிசையாக இரும்புக் குச்சிகளின் அடிக்கட்டை தெரிந்தால், அது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் இரும்புக்காக அறுத்துக்கொண்டு போன கம்பிவேலி.

ஒரே மாதிரியான பழைய வீட்டு வரிசைக்கு நடுவே திடீரென்று 1950-களின் கட்டடம் முளைத்திருந்தால் அங்கே குண்டு விழுந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். வால்தம்ஸ்டோவில் ஹோ ஸ்ட்ரீட்டும் ஹை ஸ்ட்ரீட்டும் சேரும் மூலையில் இருக்கும் சென்ட்ரல் பரேட் அப்படி வந்ததுதான். 1944 ஆகஸ்டில் அங்கே ஜெர்மனியின் பறக்கும் குண்டு விழுந்தது. தினமும் அதைக் கடந்து காய்கறி வாங்கப் போன எனக்கு அது வெறும் அசிங்கமான கான்கிரீட்டாகத்தான் இரண்டு வருடம் தெரிந்தது.

அப்புறம் வரைபடம்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பிரிட்டன் முழுவதற்குமான பழைய ஆர்டனன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஸ்காட்லாந்து என்ற பெயரைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. உங்கள் போஸ்ட்கோடைக் கொடுத்தால் பழைய வரைபடத்தையும் வானிலிருந்து எடுத்த இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வீடும், சில இடங்களில் கொல்லைக் கழிப்பறைகூடத் தெரியும். பி.எச். என்றால் பப், எஃப்.பி. என்றால் நடைபாதை, பி.எம். என்றால் மேலே சொன்ன அம்புக்குறி.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? 1836-இல் சர்ச்சுக்கான தசமபாக வரியைப் பணமாக மாற்றச் சட்டம் வந்தது. அதற்காக ஊர் ஊராக வரைபடமும் பட்டியலும் போட்டார்கள். எந்த வயலுக்கு யார் சொந்தக்காரர், யார் உழுகிறார், வயலின் பெயர் என்ன, புல்லா பயிரா என்று எல்லாம் அதில் இருக்கும். ஊரில் அடங்கல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். வேல்ஸில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்; அவர்களுடைய தேசிய நூலகம் இவற்றை இலவசமாகவே இணையத்தில் போட்டிருக்கிறது.

ஊர்ப் பெயரையும் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். செஸ்டர், காஸ்டர் என்று முடிந்தால் ரோமானியக் கோட்டை. விட்பி, கிரிம்ஸ்பி போல பி என்று முடிந்தால் வைக்கிங்குகள் குடியேறிய ஊர். 1086-இல் அரசர் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதவைத்த டூம்ஸ்டே நூலில் வால்தம்ஸ்டோவுக்குப் பெயர் வில்கமெஸ்டோ. வில்கமே என்பவரின் இடம் என்று சிலர் சொல்கிறார்கள், "வரவேற்கும் இடம்" என்று சிலர். புதிதாக வந்தவன் என்பதால் நான் இரண்டாவது கட்சி.

ஆட்களிடம் போங்கள், சீக்கிரமாக

வழக்கமான வழிகாட்டிகள் இதைக் கடைசியில் வைக்கும். எனக்கு அது தப்பாகப் படுகிறது. காப்பகத்தில் உள்ள காகிதம் அடுத்த வருடமும் இருக்கும். 88 வயதுக்காரர் இருப்பார் என்று சொல்ல முடியாது.

எங்கே பிடிப்பது? சர்ச்சில் வாரநாள் காலையில் நடக்கும் காபி கூட்டம், நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் மாலை உரை, பகல் நேரத்து பப், பெரியவர்கள் பந்து உருட்டி விளையாடும் பவுலிங் புல்வெளி. சர்ச் கூட்டத்துக்குப் போக கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பவுண்டைத் தட்டில் போட்டுவிட்டு, கேக்கை எடுத்துக்கொண்டு, காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

"உங்கள் பழைய நினைவுகளைச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு பேசுகிறவருக்கும் வாய் அடைத்துவிடும். வரைபடத்தின் நகல் ஒன்றைக் கையில் கொண்டுபோய் மேசையில் விரியுங்கள். "இந்த மூலையில என்ன கடை இருந்தது?" என்று சின்னதாகக் கேளுங்கள். விரல் தானாக வரைபடத்துக்கு வரும். மீன் சிப்ஸ் கடை, அதற்கடுத்து செருப்புத் தைப்பவர், அவருடைய பெண் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கதை போய்க்கொண்டே இருக்கும்.

எனக்கு இதுவரை பொய்க்காத கேள்விகள் சில உண்டு. வாரத்தில் எந்த நாள் குளியல், அந்தத் தகரத் தொட்டியில் முதலில் இறங்குவது யார்? நிலக்கரியை எந்த வழியாக வீட்டுக்குள் கொட்டுவார்கள்? சனிக்கிழமை காலை சிறுவர் சினிமாவுக்கு எந்தத் தியேட்டர்? 1953-இல் மிட்டாய்க்கு இருந்த ரேஷனை நீக்கியபோது முதலில் என்ன வாங்கினீர்கள்? வடக்கே லங்காஷயர் பக்கம் இருந்தால் வாசற்படியை டாங்க்கி ஸ்டோன் என்ற தேய்ப்புக் கல்லால் தேய்த்தது பற்றிக் கேளுங்கள். நம் வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போடாத நாள் பற்றித் தெருவே பேசுமே, படி தேய்க்காத வீட்டைப் பற்றி அங்கேயும் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: "உங்க அம்மாவோட டிவி நம்பர் என்ன?" தொலைக்காட்சி இல்லை, டிவிடெண்டின் சுருக்கம்: கோ-ஆப் என்ற கூட்டுறவுக் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் லாபப் பங்கு சேர்வதற்கான உறுப்பினர் எண். 1844-இல் ராச்டேல் நெசவாளர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து கடை திறந்து, லாபத்தை வாங்குகிறவர்களுக்கே பிரித்துக் கொடுத்த முறை நாடெங்கும் பரவியது. பிள்ளைகள் கடைக்குப் போகும்போது அந்த எண்ணைச் சொல்லியாக வேண்டும், மறந்தால் வீட்டில் அடி. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவர்கள்கூட அந்த எண்ணை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்.

பணக் கணக்கு குழப்பும். 1971 பிப்ரவரி 15 வரை 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பாப் என்றால் ஷில்லிங். 16 அணா ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்ட தாத்தாவைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய நாள் பேச்சு ஒரு கட்டத்தில் "அப்பெல்லாம் தெருவுல எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும், இப்ப பாரு" என்ற இடத்துக்கு வரும். அந்த "இப்ப"வில் நீங்களும் நானும் இருக்கிறோம். சிலர் அதைக் குத்தலாகவே சொல்வார்கள், பலர் யாரிடம் சொல்கிறோம் என்பதை மறந்து சொல்வார்கள். நான் வாதாடுவதில்லை. "யாரையெல்லாம் தெரியும்? பெயர் சொல்லுங்க" என்று கேட்பேன். பேச்சு மறுபடி மனிதர்களுக்குத் திரும்பிவிடும். உண்மையிலேயே மனசு கசந்து பேசுகிறவர் என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். வேறு நாற்காலிகள் இருக்கின்றன.

பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள். ஆரம்பத்திலேயே தேதி, இடம், யாருடன் பேசுகிறீர்கள் என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். படங்களை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே ஃபோனில் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பெயர்கள் பின்னால்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் யார் இருந்தார்கள்?

இங்கே 1801 முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நாடு முழுக்க எல்லோருடைய பெயரும் இருப்பது 1841 முதல். அந்த ஆண்டில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், நம்பிவிடாதீர்கள். 1851 முதல் வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நூறு ஆண்டுகள் கழித்துத்தான் திறப்பார்கள் என்பதால் இப்போதைக்குக் கடைசியாகப் பார்க்க முடிவது 1921. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 ஏடுகள் 1942-இல் ஒரு தீ விபத்தில் மொத்தமாக எரிந்துபோயின. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. அந்தப் பெரிய ஓட்டையை ஓரளவு அடைப்பது 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு. அதில் சில வரிகள் கறுப்படித்திருக்கும். அந்த வரிகளில் உள்ளவர்கள் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும் என்று பொருள்.

இவற்றைக் காட்டும் தளங்கள் பணம் கேட்கும். கட்டாதீர்கள். உள்ளூர் நூலகத்தில் உறுப்பினராவது இலவசம். பெரும்பாலான நூலகங்களில் அங்குள்ள கணினியில் இந்தத் தளங்களில் ஒன்றாவது காசில்லாமல் திறக்கும். 1881 கணக்கெடுப்பின் எழுத்துவடிவம் ஃபேமிலிசர்ச் தளத்தில் வீட்டிலிருந்தே கிடைக்கும், அதுவும் இலவசம்.

என் தெருவின் 1901 பக்கத்தைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் சஃபோக், நார்ஃபோக், பெத்னல் கிரீன், ஷோர்டிச் என்று வரிசையாக இருந்தது. வால்தம்ஸ்டோ என்று எழுதியிருந்தது பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்குத்தான். 1870-இல் ஹோ ஸ்ட்ரீட்டுக்கு ரயில் வந்தது. லண்டன் நகருக்குள் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் கட்டுவதற்காக ஏழைகளின் வீடுகளை இடித்ததற்கு ஈடாக, தொழிலாளர்களுக்கு 2 பென்னியில் போய்வரும் ரயில் விடும்படி சட்டம் ரயில் கம்பெனியைக் கட்டாயப்படுத்தியிருந்தது. 1871-இல் சுமார் 11,000 பேர் இருந்த ஊரில் 1901-இல் 95,000 பேர். இன்றைக்கு அசல் வால்தம்ஸ்டோ என்று பெருமையாகக் காட்டும் வார்னர் வீடுகள், அதாவது ஒரே வளைவுக்குக் கீழே இரண்டு கதவுகள் உள்ள வீடுகள், அந்தப் புதுக் குடிகளுக்காகக் கட்டியவை. ஹை ஸ்ட்ரீட் சந்தையும் அவர்களை நம்பி வந்ததுதான்.

ஒரு எச்சரிக்கை. நான் முதலில் என் வீட்டு எண்ணை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தைப் பிடித்து, தச்சர், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள் என்று இரண்டு வாரம் அவர்கள் பின்னாலேயே சுற்றினேன். பிறகுதான் தெருவின் எண்களை இடையில் மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. தச்சர் இருந்தது பதினோரு வீடு தள்ளி. எண்ணை நம்பாதீர்கள். மூலையில் இருக்கும் பப், சர்ச், குறுக்குத் தெரு இவற்றிலிருந்து வீடுகளை எண்ணி வாருங்கள். கணக்கெடுத்தவர் நடந்த வரிசையில்தான் பக்கங்கள் இருக்கும்.

இடைப்பட்ட ஆண்டுகளுக்கு கெல்லி போன்ற வணிகக் கையேடுகள் உதவும். எந்தத் தெருவில் எந்தக் கடை யாருடையது என்று அதில் பட்டியல் இருக்கும். லெஸ்டர் பல்கலைக்கழகம் நிறையக் கையேடுகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

எந்தக் கவுண்டி என்று பார்த்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. வால்தம்ஸ்டோ 1965 வரை எசெக்ஸ் கவுண்டியைச் சேர்ந்தது. லண்டன் என்று தேடினால் பழைய ஆவணம் பாதி கிடைக்காது. செம்ஸ்ஃபோர்டில் உள்ள எசெக்ஸ் காப்பகத்திலும் பார்க்க வேண்டும். 1974-இல் லண்டனுக்கு வெளியே இங்கிலாந்து, வேல்ஸ் எல்லைகளைக் கலைத்துப் போட்டார்கள். சாடில்வொர்த் யார்க்ஷயரிலிருந்து கிரேட்டர் மான்செஸ்டருக்கு வந்தது அப்போதுதான். அங்கே போய் மான்செஸ்டர் பக்கம் என்று சொல்லிப் பாருங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. ஸ்காட்லாந்துக்குத் தனி ஏற்பாடு: பிறப்பு, இறப்பு, கணக்கெடுப்பு எல்லாவற்றுக்கும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளம்.

காப்பகத்துக்குப் போகும் நாள்

எந்த நாள் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே பாருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் திறப்பவை நிறைய. வேண்டிய ஆவணத்தின் எண்ணைப் பட்டியலில் தேடி முன்பே சொல்லிவைப்பது நல்லது. அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு முகவரிச் சான்றுதான் தலைவலி, வங்கிக் கடிதம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். நான் முதல் முறை சட்டைப்பையில் பேனாவோடு போய், பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனேன்.

கேட்கத் தயங்காதீர்கள். என் ஆங்கிலத்தைக் கேட்டு யாராவது சிரிப்பார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது. "என் தெரு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்" என்று சொன்னதும் மேசையில் இருந்தவர் எழுந்து போய் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

கதையைச் சலித்து எடுங்கள்

பப்பிலிருந்து சர்ச்சுக்குச் சுரங்கப்பாதை இருப்பதாகப் பிரிட்டனில் பாதி ஊர்கள் சொல்லும். பெரும்பாலும் அது பாதாள அறையோ சாக்கடையோதான். செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக் காட்டி ஜன்னல் வரி என்பார்கள். 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மைதான், ஆனால் அழகுக்காகவே போலி ஜன்னல் வைத்துக் கட்டிய வீடுகளும் ஏராளம். வரியை நீக்கிய பிறகு கட்டிய வீட்டிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன்.

எதிர் வீட்டு அம்மா சிறுமியாக டிராமில் சந்தைக்குப் போனதாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் டிராம் 1930-களின் கடைசியிலேயே நின்று, மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் வந்துவிட்டது. அவர் பிறந்தது அதற்குப் பிறகு. பொய் சொல்லவில்லை அவர். அவருடைய அம்மா சொன்னதும் அவர் கண்டதும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நான் திருத்தவில்லை. குறிப்பேட்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் என் சந்தேகத்தைத் தனியாக எழுதினேன். ஆண்டு விஷயத்தில் காகிதத்தை நம்புங்கள். எங்கள் ஊர் கிரனாடா தியேட்டரில் 1963-இல் பீட்டில்ஸ் பாடினார்கள் என்று காகிதம் சொல்லும். அன்றைக்குத் தெருமுனை வரை கேட்ட கூச்சலை அது சொல்லாது.

சேர்த்ததை உங்கள் கணினியிலேயே பூட்டி வைக்காமல் ஒரு பிரதியை உள்ளூர் நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ கொடுங்கள். பேசியவர்களிடம் அதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை இருக்கும் என்பதால் பழைய படங்களை இணையத்தில் போடும் முன் யோசியுங்கள்.

கடைசியாக, இந்த வாரமே உங்கள் கடைத்தெருவை இருபுறமும் ஒவ்வொரு கடையாகப் படமெடுங்கள். கோழிக்கடை, ஃபோன் பழுதுபார்க்கும் கடை, கறிவேப்பிலை விற்கும் நம் கடை, மூடிக்கிடக்கும் வங்கி, எதையும் விடாமல். கொஞ்சத்தை அச்சுப் போட்டு, பின்னால் தேதி, தெரு, கடை எண் எழுதி வையுங்கள். பென்சிலால்.